தபால் பீப்பாயும் பதினாறு பயணிகளும்

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மில் பெரும்பாலோருக்குப் பிரயாணம் என்றால் ஒரே பொருள்தான்: கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ரயிலேறி ஊருக்குப் போவது. தில்லியில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நானும் அந்த வழக்கத்திலிருந்து பிறழ்ந்ததில்லை. சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில்தான் அது மாறியது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தமக்கையின் மகன் பறவைகளிடத்தில் பெரும் பித்துக் கொண்டவன். சிறு கப்பல் ஒன்றில் இரண்டு இடம் பதிவு செய்திருந்தான். உடன் வரவிருந்த நண்பர் வர இயலவில்லை. “மாமா, நீங்கள் வாருங்கள். ஒரு வாரம் கோப்புகளை மறந்திருங்கள்” என்று எழுதினான். அலுவலக அனுமதி பெற்று, பல நாள் சேமிப்பில் பாதியைக் கரைத்துப் புறப்பட்டேன்.

நாங்கள் சென்றது கலாபகஸ் தீவுகளுக்கு. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டுக்கு மேற்கே, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலில் பூமத்திய ரேகையின் மீது கிடக்கும் எரிமலைத் தீவுகள் அவை. ‘கலாபகோ’ என்பது ஆமையைக் குறிக்கும் பழைய ஸ்பானியச் சொல். 1835ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் ‘பீகிள்’ கப்பலில் வந்து ஐந்து வாரம் இங்கே இருந்தார் என்பதும், இங்குக் கண்டவை பிற்காலத்தில் அவருடைய பரிணாமக் கொள்கைக்குத் துணை நின்றன என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அதை விரித்துரைப்பது என் நோக்கமன்று. அந்தத் தீவுகளிடையே ஒரு சிறு கப்பலில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதற் பாடம் கப்பல் ஏறுமுன்பே தொடங்கிவிட்டது. குவாயாகில் நகரத்து விமான நிலையத்தில், தீவுகளுக்குச் செல்பவர்களின் பெட்டிகளைத் தனியே திறந்து சோதிக்கிறார்கள். ஆயுதத்தையோ தங்கத்தையோ அவர்கள் தேடவில்லை. பழம், விதை, மண் ஆகியவற்றையே தேடுகிறார்கள். என் தமக்கை அன்போடு ஒரு சிறு டப்பாவில் கடுகும் வெந்தயமும் தனியாவும் போட்டுக் கொடுத்திருந்தாள். “கப்பல்காரனுக்குத் தாளிக்கத் தெரியாது” என்பது அவள் கவலை. சோதனை செய்த பெண்மணி டப்பாவைத் திறந்து பார்த்தார்; “விதை” என்று ஒரே சொல் சொன்னார்; எடுத்து அப்பால் வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்ததை மறைப்பதற்கில்லை. ஒரு கைப்பிடிக் கடுகு ஒரு தீவை என்ன செய்துவிடும் என்று மருமகனிடம் முணுமுணுத்தேன். அவன் பதில் சொல்லவில்லை. பதில் நான்காம் நாள் கிடைத்தது.

எங்கள் கப்பலில் பயணிகள் பதினாறு பேர். அத்தீவுகளில் ஒரு கப்பல் நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிச் செல்லக் கூடாது என்பது சட்டம். பல கப்பல்கள் எங்களுடையதைப் போலப் பதினாறு பேருக்கானவையே. காரணம், பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி இருந்தாக வேண்டும் என்ற கணக்கு. அந்த வழிகாட்டி தேசியப் பூங்காவின் உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும். அவர் உடனில்லாமல் பூங்காவுக்குரிய கரையில் யாரும் அடி வைக்க முடியாது. எங்களுக்கு வாய்த்தவர் அத்தீவிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். குரலை உயர்த்தாதவர், ஆனால் ஒரு முறை சொன்னதை மாற்றாதவர்.

கப்பலின் தினசரி வாழ்க்கை மணியடித்தாற்போல் நடக்கும் என்பார்களே, இங்கே உண்மையிலேயே மணி அடிக்கிறார்கள். காலை ஆறரை மணிக்கு ஒரு மணி; ஏழுக்குச் சிற்றுண்டி மணி; எட்டுக்குக் கரை இறங்கும் மணி. கப்பல் கரையை அணுகாது. சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். காற்றடைத்த ரப்பர்ப் படகில் எட்டெட்டுப் பேராக அழைத்துச் செல்வார்கள். அப்படகின் பெயர் ‘பங்கா’. தில்லியில் ‘பங்கா’ என்றால் வம்புச் சண்டை. ஆகவே முதல் நாள் “பங்கா தயாராக இருக்கிறது” என்று அவர் அறிவித்தபோது நான் கொஞ்சம் திடுக்கிட்டேன். படகில் ஏறும்போது கையைப் பிடிக்கலாகாது. முழங்கைக்குக் கீழே ஒருவர் மற்றவரை இறுகப் பற்ற வேண்டும். கை நழுவினாலும் அந்தப் பிடி நழுவாது.

இறங்குவதிலும் இரு வகை உண்டு. பாறையில் கால் வைத்து இறங்குவது உலர்ந்த இறக்கம். முழங்கால் அளவு நீரில் குதித்து மணலுக்கு நடப்பது நனைந்த இறக்கம். எது என்பதை முந்திய இரவே கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். திரும்பும்போது கப்பலின் படிக்கட்டருகில் ஒருவர் நீர்க்குழாயுடன் காத்திருப்பார். ஒவ்வொருவர் காலிலும் செருப்பிலும் ஒட்டிய மணலைக் கழுவிய பின்னரே மேலே விடுவார். கப்பல் அழுக்காகிவிடும் என்று முதலில் எண்ணினேன். அதன்று, ஒரு தீவின் மண்ணும் விதையும் மறு தீவுக்குப் போகக் கூடாது. கழுவிய செருப்புகள் எல்லாம் ஒரு பெரிய கூடைக்குள் போய்விடும். அறைக்குள் யாவரும் வெறுங்காலுடன்தான். நம் வீட்டு வழக்கம் பசிபிக் கடலிலும் செல்லுபடியாவது கண்டு மகிழ்ந்தேன்.

கரையில் நடப்பதற்கும் ஒழுங்கு உண்டு. வெள்ளைக் கம்பங்கள் நட்டுப் பாதை குறித்திருக்கிறார்கள். அதை விட்டு விலகலாகாது. எந்த உயிருக்கும் இரண்டு மீட்டருக்குள் நெருங்கலாகாது. கல்லையும் கிளிஞ்சலையும் எடுத்து வரலாகாது. மாலை ஆறு மணிக்குள் கரையைக் காலி செய்துவிட வேண்டும். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் துறைக்குச் செல்லலாம் என்பதையும் பூங்கா அலுவலகமே வகுத்துத் தருகிறது. அரசாங்க ஊழியனாகிய எனக்கு விதிகள் புதியவை அல்ல. ஆனால் மனிதர்களுக்காக அல்லாமல் பறவைகளுக்காகவும் பல்லிகளுக்காகவும் எழுதப்பட்ட விதிகளை அங்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

இவ்விதிகளை மனிதர்கள்தாம் அறிவார்கள், விலங்குகள் அறியா. கடற்சிங்கங்கள் நாம் அமர வேண்டிய பலகையில் படுத்து உறங்குகின்றன. கடலில் நீந்திப் பாசி மேயும் ஒருவகை உடும்பு அங்கு உண்டு. உலகில் வேறெங்கும் கடலில் மேயும் பல்லியினம் இல்லை. உடலில் சேர்ந்த உப்பை அது மூக்கு வழியே பீச்சித் தும்முகிறது. நூறு உடும்புகள் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்து தும்முவதைக் கேட்டால், தில்லியின் மார்கழிக் காலை நினைவுக்கு வருகிறது.

எஸ்பஞோலா என்னும் தீவில் நீலக்கால் கொண்ட பூபிப் பறவை ஒன்று நடைபாதையின் நட்ட நடுவில் முட்டையிட்டு அமர்ந்திருந்தது. பதினாறு பேரும் நின்றோம். வழிகாட்டி சுற்றிலும் பார்த்து, ஒரு பாறையோரமாக ஒவ்வொருவராய் எங்களைக் கடத்திவிட்டார். அது எழவுமில்லை, கத்தவுமில்லை. தலையைத் திருப்பி எங்களை எண்ணுவதுபோல் பார்த்தது. ‘பூபி’ என்னும் பெயர், முட்டாள் என்று பொருள்படும் ‘போபோ’ என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். கப்பலில் வந்து இறங்கும் இப்பறவையை மாலுமிகள் கையாலேயே பிடித்துத் தின்றார்கள். பயப்படாத உயிருக்கு மனிதன் வைத்த பெயர் முட்டாள். சொற்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கு அந்தப் பெயர் நெடுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது.

அத்தீவில்தான் நானும் ஒரு தவறு செய்தேன். அலைவரி ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஏறக்குறைய முற்றிலும் அந்த ஒரு தீவிலேயே குஞ்சு பொரிக்கிறது. சிறகு விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். நிலத்திலிருந்து எளிதில் எழும்ப முடியாமல், செங்குத்துப் பாறையின் விளிம்பு வரை தள்ளாடி நடந்து சென்று, காற்றில் விழுந்து பறக்கிறது. அந்த விழுதலைப் படம் எடுக்க ஆசைப்பட்டு வெள்ளைக் கம்பத்துக்கு அப்பால் இரண்டடி வைத்துவிட்டேன். வழிகாட்டி அதட்டவில்லை. அருகில் வந்து, என் காலுக்குச் சற்று முன்னால் காட்டினார். சாம்பல் நிறப் பஞ்சுப் பொதிபோல ஒரு குஞ்சு கற்களோடு கல்லாகக் கிடந்தது. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் என் செருப்பு அதன்மேல் விழுந்திருக்கும். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சோறு என்றதும் சமையலைச் சொல்ல வேண்டும். சைவ உணவுக்காரர் ஒருவர் வருகிறார் என்று முன்பே தெரிவித்திருந்தார்கள். சமையற்காரர் நாள்தோறும் அரிசிச் சோறும் பருப்பும் பொரித்த வாழைக்காயும் செய்து போட்டார். தட்டித் தட்டையாக்கி இருமுறை பொரித்த வாழைக்காய், நம் வாழைக்காய் வறுவலுக்குத் தூரத்து உறவு. மிளகாயை அரைத்துச் செய்த ‘அஹி’ என்னும் குழம்பைப் பருப்பில் விட்டுப் பிசைந்தால் ஊர் நினைவு வரும். தாளிதம் இல்லாத குறை மூன்றாம் நாளில் மறந்துவிட்டது. குடிநீரும் குளியல் நீரும் கடல்நீரிலிருந்து கப்பலிலேயே எடுக்கப்படுபவை; ஆகவே குளியல் சுருக்கம்.

பிற்பகலில் நீரில் மிதந்து கடலடியைப் பார்க்கும் நேரம். நீந்தத் தெரியாத நான், மிதவைச் சட்டை அணிந்து, குப்புறப் படுத்தபடி, மருமகன் கைப்பற்றி இழுக்க, ஓர் ஆமை என் நிழலின்மீது அமைதியாகக் கடந்து செல்வதைக் கண்டேன். மாலையில் மீண்டும் ஒரு கரை. இரவு உணவுக்கு முன் வழிகாட்டி படம் வரைந்து மறுநாளைப் பற்றிச் சொல்வார். பிறகு நங்கூரம் தூக்கும் ஓசை. தீவிலிருந்து தீவுக்குக் கப்பல் செல்வது பெரும்பாலும் இரவில்தான். ஜூலை மாதத்தில் அங்குக் கடல் குளிர்ந்து கொந்தளிக்கும். முதலிரண்டு இரவுகள் நான் படுக்கையைப் பற்றிக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் இரவு மேல்தளத்துக்கு வந்து, விளக்கொளியில் வெள்ளைப் பறவைகள் கப்பலோடு ஓசையின்றித் தொடர்ந்து வருவதைக் கண்டேன். அவை இரவில் இரை தேடும் கடற்காகங்கள்.

கடுகுக்கு வருகிறேன். நான்காம் நாள் சாந்தா குரூஸ் தீவின் மேட்டு நிலத்துக்குச் சென்றோம். ராட்சத ஆமைகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. பாதையோரத்தில் முட்புதர் ஒன்று ஆளுயரம் வளர்ந்து, அத்தீவுகளுக்கே உரிய மரங்களை மூடிக்கொண்டிருந்தது. வழிகாட்டி என்னைப் பார்த்து, “ஐயா, இது உங்கள் நாட்டுச் செடி” என்றார். மைசூர் ராஸ்பெரி என்று அதற்குப் பெயர். நம் மலைகளில் தானாக வளரும் காட்டுப் பழம். யாரோ உண்பதற்காகக் கொண்டுவந்து நட்டார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. நம் நாட்டில் அதை அடக்கி வைக்கும் பூச்சியும் பூஞ்சையும் போட்டிச் செடியும் உண்டு. அங்கே எதுவும் இல்லை. இன்று அத்தீவுகளின் மிகக் கொடிய களைகளில் அதுவும் ஒன்று. வெட்டினாலும் துளிர்க்கிறது, மண்ணில் விதை பல ஆண்டு காத்திருக்கிறது. மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் பேசவில்லை.

ஆடுகளின் கதையும் அத்தகையதே. மாலுமிகள் விட்டுச் சென்ற சில ஆடுகள் பெருகி ஆமைகளின் உணவை மொட்டையடித்தன. 1997 முதல் 2006 வரை நடந்த பெருமுயற்சியில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைக் கொன்றே சில தீவுகளை மீட்க வேண்டியதாயிற்று. ஆனால் மீட்சியும் உண்டு. எஸ்பஞோலாத் தீவின் ஆமைகள் ஒரு காலத்தில் பதினான்கே எஞ்சின. அவற்றைச் சாந்தா குரூஸுக்குக் கொண்டுவந்து, அமெரிக்க விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஓர் ஆணையும் சேர்த்துப் பெருக்கினார்கள். ஏறத்தாழ 2,000 குட்டிகள் தாயகம் திரும்பிய பின், 2020ஆம் ஆண்டில் அப்பதினைந்து முதியவற்றையும் சொந்தத் தீவிலேயே கொண்டுபோய் விட்டார்கள்.

பின்டா என்னும் தீவின் ஆமைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1971இல் அங்கே ஒரே ஓர் ஆண் ஆமை கண்டெடுக்கப்பட்டது. ‘ஒற்றை ஜார்ஜ்’ என்று பெயரிட்டார்கள். அதன் இனத்தில் ஒரு பெண்ணைத் தேடாத இடமில்லை. 2012ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் அது இறந்தது. அதோடு அந்த இனமும் முடிந்தது. பதப்படுத்திய அதன் உடலைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருக்கிறார்கள். கழுத்தை நீட்டி யாரையோ எதிர்பார்ப்பது போல் நிற்கிறது. தன் மொழியைப் பேச மறு ஆள் இல்லாமல் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த உயிர் என்று எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றிற்று என்பதை இனிச் சொல்கிறேன்.

புளோரியானாத் தீவில் தபால் விரிகுடா என்று ஒரு துறை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அங்கே ஒரு மரப்பீப்பாயை நிறுத்தி வைத்தன. வீட்டை விட்டு ஆண்டுக்கணக்கில் கடலில் திரிந்தவர்கள் அதில் கடிதம் போடுவார்கள். ஊர் திரும்பும் கப்பல்கள் எடுத்துச் செல்லும். அதே மாலுமிகள்தாம் ஆமைகளை உயிரோடு கப்பலடியில் அடுக்கிக் கொண்டுபோய்த் தின்றவர்கள் என்பதும் உண்மை. உணவும் நீருமின்றிப் பல மாதம் உயிர் வாழ்வதே ஆமைக்கு எமனாயிற்று. அந்த வழக்கம் ஒழிந்தது. பீப்பாய் வழக்கம் மட்டும் இன்றும் நிற்கிறது. தபால் தலை இல்லை. பீப்பாயைத் திறந்து அட்டைகளைப் புரட்டி, தன் ஊருக்கு அருகிலுள்ள முகவரி கிடைத்தால் எடுத்துப்போய், நேரில் கொண்டு கொடுக்க வேண்டும். அதுவே மரபு.

பதினாறு பேரும் மணலில் வட்டமாக அமர்ந்து அட்டைகளின் முகவரிகளை உரக்கப் படித்தோம். பாரிஸ், சிட்னி, டொரண்டோ என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மருமகன், “மாமா, தில்லி!” என்றான். சித்தரஞ்சன் பூங்காவில் ஒரு வீட்டு முகவரி ஆங்கிலத்தில் இருந்தது. செய்தி முழுவதும் வங்காள எழுத்தில், குழந்தையின் கோணல் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தில்லி திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைத் தேடிச் சென்றேன். கதவைத் திறந்தவர் எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர். அட்டையைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே இருமுறை படித்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, எனக்காக அதை இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னார். மொழிபெயர்ப்பாளனாகிய நான் பிறர் மொழிபெயர்க்கக் கேட்டு அமர்ந்திருந்தது அன்றுதான். “தாத்தா, இங்கே பறவைகள் யாருக்கும் பயப்படுவதில்லை. இதை நான் வங்காளத்தில் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தி வையுங்கள். வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.” எழுதியவள் கனடாவில் வளரும் பேத்தி. எழுதி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

“தொலைபேசியில் வாரந்தோறும் பேசுகிறாள். ஆனால் அவள் கையெழுத்தை இன்றுதான் பார்க்கிறேன்” என்றார் பெரியவர். பிழை இருக்கிறதா என்று கேட்டேன். “இரண்டு இருக்கின்றன. திருத்த மனம் வரவில்லை” என்றார்.

நேயர்களே, என் மகளுக்குப் பதின்மூன்று வயது. தில்லியில் பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள்; இந்தியும் ஆங்கிலமும் நன்றாகப் படிப்பாள், எழுதுவாள்; தமிழ் எழுத்தை அறியாள். நாள் முழுவதும் அரசாங்கத்தின் அறிக்கைகளைத் தமிழாக்குவது என் உத்தியோகம். என் வீட்டில் அந்தத் தமிழைப் படிக்க ஆளில்லை. நேரமில்லை, பள்ளிப் பாடமே மிகுதி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுகளைத் தள்ளினேன். நம்மில் பலர் வீட்டு நிலையும் இதுவாகவே இருக்கலாம். வேற்று மண்ணில் அம்மண்ணின் ஒழுங்குக்கு அடங்கி வாழ்வது விருந்தினன் கடமை. அதை அந்தத் தீவுகளில் கால் கழுவிக் கழுவிக் கற்றேன். ஆனால் நம் கையில் இருப்பதைக் கைவிடும்படி அந்த மண் நம்மைக் கேட்கவில்லை. கைவிட்டது என் சோம்பல்.

பீப்பாயருகே அமர்ந்திருந்தபோது, கண்ணாடி அறைக்குள் முந்திய நாள் கண்ட ஒற்றை ஜார்ஜின் நீட்டிய கழுத்து நினைவுக்கு வந்தது. ஓர் அட்டை வாங்கி என் மகளுக்கு நாலு வரி எழுதினேன். முகவரி ஆங்கிலத்தில், செய்தி தமிழில். பீப்பாயில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது, “என்ன எழுதினீர்கள் அப்பா?” என்று கேட்டாள். சொல்ல மறுத்துவிட்டேன். இரண்டு நாள் கோபமாக இருந்தாள். மூன்றாம் நாள் இரவு, சாப்பாடு முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் எதிரில் வந்து உட்கார்ந்து, “அ எப்படிப் போடுவது?” என்றாள். அன்று முதல் நாள்தோறும் அரைமணி நேரம்.

அட்டை இன்னும் வந்து சேரவில்லை. அந்தத் தீவுகளுக்கு ஆண்டுதோறும் மூன்று லட்சத்தை ஒட்டிய பயணிகள் போகிறார்கள் என்கிறார்கள். அவர்களில் தில்லிக்காரர் ஒருவர் என்றேனும் அந்த மணலில் அமர்ந்து அட்டைகளைப் புரட்டுவார். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாரேனும் அங்கே போக நேர்ந்தால், தமிழ் எழுத்தில் ஓர் அட்டை கண்ணில் பட்டால், தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. அவள் இப்போதுதான் உயிர்மெய்யில் இருக்கிறாள்.